கேட்டு இசைத்தல்

நுழையும்முன்

இசையரங்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவையில் அமர்ந்திருப்போரின் செவியைப் பற்றியே பேசுவர். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா, சொல் தெளிவாக விழுகிறதா என்பவை அவர்தம் வினாக்கள். மேடையில் அமர்ந்து இசைப்போருக்கும் செவிகள் உண்டு. குழலிசைப்பவருக்கு முழவு கேட்கவேண்டும். முழவு இசைப்பவருக்குப் பாடுபவரின் மூச்சு கேட்கவேண்டும். அவ்வாறு கேளாத மேடையில் தேர்ந்த கலைஞரும் தடுமாறுவர். மேடை ஒலியியல் என்னும் துறை இதனை ஆராய்கிறது.

வெட்டவெளியின் ஒலி

பழவேற்காடு ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் வாழ்வோர் ஒன்றை நன்கு அறிவர். காற்று அடங்கிய விடியற்பொழுதில், நெடுந்தொலைவில் செல்லும் படகில் இருவர் இயல்பாகப் பேசிக்கொள்வது கரையில் நிற்பவருக்குக் கேட்கும். அதே தொலைவு, அதே குரல். நண்பகலில் உரக்கக் கூவினாலும் கேளாது. விடியலில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்லும். ஆகவே மேல்நோக்கிச் சென்ற ஒலியலை வளைந்து மீண்டும் நீரை நோக்கித் திரும்புகிறது. அசைவற்ற நீரும் அதனை விழுங்காமல் தெறித்து அனுப்புகிறது. நண்பகலில் சுடுமணலை ஒட்டிய காற்று மிகுவெப்பம் கொள்வதால் ஒலி வானை நோக்கி வளைந்து போய்விடுகிறது. ஒரே குரல் ஓரிடத்தில் கேட்பதும் மற்றோரிடத்தில் கேளாததும் குரலின் குற்றம் அன்று.

கரைவலை இழுக்கும் கடற்கரைகளில் அம்பா பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் முதலடி எடுப்பார். மற்றையோர் சேர்ந்து வாங்குவர். அங்கே சுவர் இல்லை, கூரை இல்லை, அலையின் இரைச்சலோ ஓயாதது. அவ்விடத்திலும் பாட்டு சிதறுவதில்லை. பாடுவோர் அடுத்தடுத்து நெருங்கி நிற்பது ஒரு காரணம். அதைவிட முதன்மையான காரணம், எல்லார் கையிலும் ஒரே கயிறு இருப்பது. முன்னவர் இழுக்கும் இழுவையே பின்னவர் கைக்குத் தாளமாக வந்து சேர்கிறது. செவி தவறவிட்டதைக் கை பிடித்துக்கொள்கிறது.

எண்பது, தொண்ணூறு பேர் அமர்ந்து இசைக்கும் மேனாட்டுப் பல்லியக் குழுவுக்கு அப்படிப்பட்ட கயிறு கிடையாது. அங்கே மேடையின் சுவரும் விதானமும் கயிற்றின் வேலையைச் செய்யவேண்டியிருக்கிறது.

மில்லி நொடிக் கணக்கு

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நொடியை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மில்லி நொடி. அந்நேரத்தில் ஒலி கடக்கும் தொலைவு 34 சென்டிமீட்டர், அஃதாவது ஒரு முழத்திற்கும் சற்றுக் குறைவு. நம் கச்சேரி மேடையில் பாடுபவருக்கும் பக்க இசைஞருக்கும் இடையே இரண்டு மீட்டர் இருக்கலாம். ஒலி ஆறு மில்லி நொடியில் போய்ச் சேரும். அதனை எந்தச் செவியும் தாமதமாக உணராது.

பெரும் பல்லிய மேடையின் அகலம் 18 மீட்டர் அளவில் இருக்கும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒலி செல்ல 53 மில்லி நொடி ஆகும். இது சிறுபொழுதுதானே எனத் தோன்றும். நொடிக்கு ஓர் அடி என்ற நடையில் தாளம் செல்வதாகவும், ஓர் அடிக்கு எட்டு எழுத்து வீதம் விரைவுகாலத்தில் இசைப்பதாகவும் கொள்வோம். ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 125 மில்லி நொடி. 53 என்பது அதில் ஏறத்தாழப் பாதி! ஒரு கோடியில் இருப்பவர் மறுகோடியின் ஒலியைக் கேட்டுக்கொண்டே அதற்கு ஒத்து இசைக்க முயன்றால், அவர் பாதி எழுத்துப் பிந்துவார். அவருடைய ஒலி எதிர்க்கோடிக்குத் திரும்பிச் சேரும்போது பிந்திய அளவு இரட்டிப்பாகிவிடும்.

ஆகவேதான் அத்தகைய குழுக்களுக்கு முன்னே ஒருவர் கோலேந்தி நிற்கிறார். ஒளியின் விரைவோடு ஒப்பிட ஒலி நத்தை. பின்வரிசைத் தோற்கருவியாளர், முன்வரிசை வயலின்களின் ஒலி தம் செவிக்கு வரும்வரை காத்திருப்பதில்லை. கோலின் அசைவைக் கண்ணால் பிடித்து, செவி சொல்வதற்கு ஒரு மயிரிழை முன்பாகவே அடிக்கின்றனர். இது பழக்கத்தால் வருவது. ஏட்டில் படித்து வருவதன்று.

கண்ணே போதும் என்றால் மேடை எப்படி இருந்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். காலத்தைக் கண் காக்கும். சுருதியைக் கண் காக்காது. தன் ஒலி அடுத்தவர் ஒலியோடு இழைகிறதா, மிகுந்து ஒலிக்கிறதா, குன்றுகிறதா என்பதைச் செவி ஒன்றே அறியும். ஆகவே தன்னைக் கேட்டல், பிறரைக் கேட்டல் என்னும் இரண்டும் மேடையில் ஒருங்கே நிகழவேண்டும். ஒன்று மிகுந்தால் மற்றொன்று மறையும் என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு.

சுவர் தரும் துணை

மேடையில் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நேரே செல்லும் ஒலிக்குத் தடைகள் பல. இடையில் மனித உடல்கள் இருக்கின்றன. நாற்காலிகளும் இசைக்குறிப்புத் தாங்கிகளும் இருக்கின்றன. தாழ்ந்த ஒலிகள் அவற்றைச் சுற்றி வளைந்து சென்றுவிடும். உயர்ந்த ஒலிகளோ தடைபட்டு மங்கிப்போகும். தெளிவு என்பது பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளில்தான் உறைகிறது. பின்வரிசைகளைப் படிப்படியாக உயர்த்தி அமைப்பதன் நோக்கம் அழகு மட்டுமன்று. தலைகளுக்கு மேலாக ஒலிக்கு வழிவிடுவதும் ஆகும்.

நேர்வழி அடைபட்டபோது சுற்றுவழியாக வருவதே எதிரொலிப்பு. பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் தலைக்கு மேலுள்ள பலகையிலும் பட்டுத் திரும்பும் ஒலி, நேரொலியை அடுத்து விரைவாக வந்தால் செவி அதனைத் தனி ஒலியாகக் கொள்வதில்லை. முன்னதற்கு வலுச்சேர்ப்பதாகவே ஏற்றுக்கொள்ளும். மிகப் பிந்தி, வலுவோடு வந்தால் எதிரொலியாகித் தாளத்தைக் குலைக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஒலியியலறிஞர் காடே 1980களில் இசைஞர்களையே வினவியும் ஆய்வுக்கூடத்தில் அவர்களை இசைக்கச் செய்தும் இதனை ஆராய்ந்தார். ஒலி எழுமிடத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் ஒலிவாங்கியை வைத்து, 20 முதல் 100 மில்லி நொடிக்குள் திரும்பிவரும் ஒலியாற்றலை நேரொலியின் ஆற்றலோடு ஒப்பிட்டு அவர் வகுத்த அளவை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் 'துணை' எனலாம். இசைஞருக்கு அரங்கு எவ்வளவு துணைநிற்கிறது என்பதன் அளவு அது. எளிய சொல், பொருத்தமான சொல்.

மேடைக்கு மேல் பலகைகளைத் தொங்கவிடுவதன் காரணத்தையும் கணக்கிட்டே காணலாம். கருவி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விதானம் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒலி மேலே 19 மீட்டர் சென்று அவ்வளவே கீழிறங்க 112 மில்லி நொடி ஆகும். துணையாகும் எல்லையை அது கடந்துவிட்டது. பத்து மீட்டர் உயரத்தில் ஒரு பலகை தொங்கினால் 53 மில்லி நொடியில் ஒலி திரும்பிவிடும். உயரமான அரங்கு அவையோருக்குப் பெருமிதம் தரலாம். இசைஞருக்கோ தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத வெட்டவெளியைப் போன்றதே.

கருவிக்குக் கருவி தேவையும் வேறுபடும். பிரெஞ்சுக் கொம்பின் அகன்ற வாய் பின்னோக்கியிருப்பது. அதன் ஒலி பின்சுவரில் பட்டே அவைக்குச் செல்லும். எனவே அதனை இசைப்போர் தம் முதுகுக்குப் பின்னால் இருப்பது மரமா திரையா என்பதில் மிகுந்த கருத்துடையவர்கள். அதே சுவர் பெருமுரசுக்குப் பின்னால் இருந்தால், முன்னே அமர்ந்திருக்கும் துளைக்கருவியாளர் தம் ஒலியைத் தாமே கேட்கமுடியாமல் போவர். கேளாதவர் வன்மையாக ஊதுவார்; அவர் வன்மையாக ஊத, அடுத்தவரும் மிகுப்பார். இரைச்சல் மிகுந்த பேருந்தில் நாம் அறியாமலே குரலை உயர்த்துவது போன்றதே இதுவும். மேடை நன்றாக அமையாத அரங்கில் இசை நுட்பம் இழந்து உரப்பாக மாறுவது இப்படித்தான்.

தெரிந்து தெளிவோம்

ஒலி எழுவது நின்றபின்னும் அரங்கில் சிறிதுபொழுது முழக்கம் நிலைக்கும். அது 60 டெசிபெல் அளவுக்குக் குறைய ஆகும் காலமே எதிர்முழக்க நேரம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கு ஒன்றில் பேச்சு விளங்காமற்போகவே, அதனைச் சீர்செய்யும் பணி 1895இல் வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் உறங்கும் இரவுகளில், ஓர் ஆர்கன் குழலையும் காலங்காட்டியையும் வைத்துக்கொண்டு, வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி அவர் அளந்தார். அரங்கின் கொள்ளளவு மிகுந்தால் முழக்கம் நீளும்; ஒலியை உட்கவரும் பொருள்கள் மிகுந்தால் குறையும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. அவ்விதியின் துணைகொண்டு அமைந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கு 1900இல் திறக்கப்பட்டது.

ஓர் அரங்கின் அறுபது ஆண்டுத் துன்பம்

நியூயார்க் நகரில் 1962இல் பில்ஹார்மோனிக் அரங்கு திறக்கப்பட்டது. அக்காலத்தின் தலைசிறந்த ஒலியியலறிஞருள் ஒருவரான லியோ பெரானெக் உலகின் புகழ்பெற்ற அரங்குகளை எல்லாம் அளந்து ஆராய்ந்தபின் அதற்கு வழிகாட்டியவர். ஆயினும் கட்டடத்தின் வடிவம் இடையில் மாற்றப்பட்டது, இருக்கைகள் கூட்டப்பட்டன. திறந்தபின் அவையோர் தாழ்ந்த ஒலிகள் குன்றியிருப்பதாகக் குறைகூறினர். மேடையில் இருந்தோரின் முறையீடு அதனினும் கடுமையானது: ஒருவரையொருவர் கேட்கமுடியவில்லை என்றனர். பலகைகள் மாற்றப்பட்டன, சுவர்கள் திருத்தப்பட்டன. இறுதியில் 1976இல் உட்புறம் முழுவதையும் அகற்றி, சிரில் ஹாரிஸ் என்பார் வழிகாட்டலில் மீளக் கட்டினர். அதன்பின்னும் குறை முற்றத் தீரவில்லை. 2022இல் மேடையை அவைக்குள் முன்னே தள்ளி, மேடையைச் சுற்றிலும் இருக்கைகளை அமைத்து, மீண்டும் ஒருமுறை கட்டித் திறந்தனர். அறுபது ஆண்டுகளில் மூன்று அரங்குகள் ஒரே கூட்டுக்குள்!

அளவுகளும் விதிகளும் கைக்கு வந்தபின்னும் இது நேர்ந்தது என்பதை மறத்தலாகாது. அரங்கு கட்டுவோர் இருக்கைகளை எண்ணுவது எளிது. இசைஞரின் செவிக்குள் புகுந்து பார்ப்பது அரிது.

அரங்கேற்று காதையின் மேடை

தமிழில் அரங்கின் அளவுகளைக் கூறும் பழைய சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. கணுக்களுக்கு இடையே ஒரு சாண் வளர்ந்த மூங்கிலைக் கொண்டு, இருபத்துநான்கு விரல் அளவுடைய கோல் ஆக்கி, அதனால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கை அமைத்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார். அரங்கின் தளத்துக்கும் மேலே இட்ட உத்தரப் பலகைக்கும் இடையிலான உயரம் நான்கு கோல்.

பெருவிரலின் அகலத்தை ஏறத்தாழ ஓர் அங்குலம் எனக் கொண்டால் ஒரு கோல் இரண்டடி; அரங்கு பதினாறடி நீளமும் பதினான்கடி அகலமும் உடையது; மேற்பலகை எட்டடி உயரத்தில் இருக்கிறது. இன்றைய கணக்கை இதன்மேல் வைத்துப் பார்ப்போம். நீளவாட்டில் ஒலி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பதினைந்து மில்லி நொடிக்குள் சென்றுவிடும். அமர்ந்திருப்பவரின் செவியிலிருந்து மேற்பலகை ஐந்தடி உயரத்தில்தான் இருக்கும்; அதில் பட்டு ஒலி மீளப் பத்து மில்லி நொடியும் ஆகாது. அந்த மேடையில் எவரும் எவரையும் கேளாதிருக்க வழியே இல்லை. இளங்கோவடிகள் ஒலியைக் கருதித்தான் இவ்வளவைச் சொன்னார் என்று சாதிப்பது நம் நோக்கமன்று. ஆடலுக்கும் காட்சிக்கும் வேண்டிய அளவாகவும் அது இருக்கலாம். தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைக்கவேண்டும் என்று ஒளியைப் பற்றி அவர் வெளிப்படையாகவே சொல்கிறார்.

ஆனால், குயிலுவர் எனப்படும் கருவியிசைப்போர் நெறிப்பட நின்றபின் இசை எழுந்த முறையை அவர் கூறுவது ஒலியைப் பற்றியதே. குழலின் வழியே யாழ் நிற்கிறது. யாழின் வழியே தண்ணுமை. தண்ணுமையின் பின்னே முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை. ஒன்று மற்றொன்றைப் பின்பற்றி எழுகிறது என்றால் ஒன்று மற்றொன்றைக் கேட்கிறது என்பதுதானே பொருள்? பல்லியத்தைப் பல கருவிகளின் கூட்டம் என்று சொல்லாமல், கேட்டலின் தொடர்ச்சியாக அக்காதை காட்டுகிறது.

கச்சேரி மேடையும் ஒலிபெருக்கியும்

இன்றைய கருநாடக இசை மேடையில் பாடுபவர் நடுவில் அமர்வார். அவருக்கு வலப்புறம் மிருதங்கமும் இடப்புறம் வயலினும் அமைவது வழக்கம். மிருதங்க இசைஞர் பாடுபவரை நோக்கி அமரும்போது அவரது வலக்கை அவையின் பக்கம் வரும். வலந்தலையின் தெளிந்த ஒலி அவையோரை நேரே அடையும். இடக்கை வழக்கமுடையவர் வாசித்தால் இந்த அமைப்பு தலைகீழாகும். புகழ்பெற்ற மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை அத்தகையவர். அவர் வாசிக்கும் மேடையில் வயலின் இசைஞர் இடம் மாறி அமரவேண்டியிருந்தது. அதற்கு இசையாதவர்களும் அக்காலத்தில் இருந்தனர். மேடையில் இடம் என்பது மதிப்பின் அடையாளமும் ஆகிவிட்டபோது ஒலியியல் பின்னுக்குப் போய்விடுகிறது.

தம்புராவின் இடம் இன்னும் நுட்பமானது. அது பாடுபவரின் பின்னால், தோளை ஒட்டி இருக்கும். அவையோருக்கு அது கேட்டாலும் கேளாவிட்டாலும் பாடுபவரின் செவியில் ஓயாது ஒலிக்கவேண்டும். அது முதன்மையாக மேடைக்காகவே இசைக்கப்படும் கருவி.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒலிவாங்கி மேடைக்கு வந்தது. பேரவைக்கும் மெல்லிய குரல் சென்று சேர்ந்தது. நெஞ்சு வெடிக்கப் பாடவேண்டிய நிலை மாறியது. இது பெரும் நன்மையே. ஆயினும், பெருக்கப்பட்ட ஒலி அவையை நோக்கிப் போவது. மேடையில் இருப்போருக்கு அதன் மங்கிய பின்முழக்கமே கிடைக்கும். அதற்காக இசைஞரை நோக்கித் தனியே சிறு ஒலிபெருக்கிகள் வைக்கப்படுகின்றன. பாட்டுக்கு நடுவே கலைஞர் ஒருவர் ஒலியமைப்பாளரை நோக்கி விரலை மேலே உயர்த்திக் காட்டுவதைக் கச்சேரிக்குச் சென்ற அனைவரும் கண்டிருப்பர். 'எனக்கு என் குரல் கேட்கவில்லை' என்பதே அந்த விரலின் மொழி. ஒவ்வொருவரும் தம் ஒலியை உயர்த்தச் சொல்ல, மேடையே இரைச்சலாகிவிடுவதும் உண்டு.

நாகசுரமும் தவிலும் தெருவுக்கும் கோயில் திருச்சுற்றுக்கும் உரிய கருவிகள். வெட்டவெளியில் நெடுந்தொலைவு செல்லும்படி அமைந்தவை. அவற்றை நாற்புறமும் வழுவழுப்பான கற்பலகை பதித்த திருமண மண்டபத்துக்குள் அமர்த்தி, முன்னே ஒலிவாங்கியும் வைக்கிறோம். ஒலியை உட்கவரத் துணியோ மரமோ இல்லாத அவ்வறையில் முழக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. தவிலின் சொற்கட்டு குழம்புகிறது. எதிரே இருப்போர் பேச்சுக் கேளாமல் கத்துகின்றனர். வாசிப்போரின் செவி நாள்தோறும் அந்த வன்மையை ஏற்கிறது. கட்டடத்துக்குச் செலவிடும் பொருளில் சிறுபகுதியைச் சுவரில் மரப்பட்டைக்கும் கூரையில் துளைப்பலகைக்கும் ஒதுக்கியிருந்தால், ஒலிவாங்கி இன்றியே அங்கு மங்கல இசை இனித்திருக்கும்.

நம் இசைக்கு எவ்வகை அரங்கு வேண்டும் என்பது தனியாக எண்ணவேண்டிய செய்தி. மேனாட்டுப் பல்லியத்துக்கு ஏறத்தாழ இரண்டு நொடி எதிர்முழக்கம் உகந்தது. வயலின்களின் ஒலி ஒன்றோடொன்று இழைந்து பெருக அது உதவும். கமகத்தின் நுண்ணிய அசைவும் மிருதங்கத்தின் விரைந்த சொற்களும் அத்தனை முழக்கத்தைத் தாங்கமாட்டா. முன்சொல் அடங்குமுன் பின்சொல் வந்து மோதும். மும்பையில் தேசிய நிகழ்கலை மையத்தின் டாட்டா அரங்கு 1980இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் அமரும் அவ்வரங்கில், இந்திய இசை ஒலிபெருக்கியின் துணையின்றியே கேட்கவேண்டும் என்பது நோக்கம். இருக்கைகள் விசிறிபோல் விரிந்து மேடையை நெருங்கி அமைந்தன. அதன் ஒலியியலை வகுத்தவர் சிரில் ஹாரிஸ். நியூயார்க் அரங்கை 1976இல் மீளக் கட்டுவித்த அதே அறிஞர். அங்குப் பெரும் பல்லியத்துக்காக உழைத்தவர், இங்கு மூவரோ நால்வரோ அமரும் மேடைக்காக வேறு வகையில் எண்ணவேண்டியிருந்தது.

கற்பவை கற்றபின்...

உங்கள் பள்ளியின் உயரமான வெளிச்சுவருக்கு எதிரே 10, 20, 40 மீட்டர் தொலைவுகளில் நின்று கைதட்டுங்கள். எத்தொலைவில் எதிரொலி தனியாகப் பிரிந்து கேட்கிறது? ஒலி சென்று மீள ஆகும் காலத்தைக் கணக்கிட்டு எழுதுக.

இருவர் இருபது மீட்டர் இடைவெளியில் நின்று, கண்களை மூடிக்கொண்டு, ஒருவரையொருவர் கேட்டபடியே ஆதிதாளத்தை விரைந்து தட்டுக. தாளம் விரைகிறதா, தளர்கிறதா? பின்னர் கண்களைத் திறந்துகொண்டு தட்டுக. வேறுபாட்டுக்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

உங்கள் ஊரில் மேளம், பறை, பேண்டு, பாட்டுக்குழு ஆகிய ஏதேனும் ஒன்றில் இசைப்பவரைக் கண்டு, 'எந்த இடத்தில் வாசிக்கும்போது உடனிருப்போரை நன்றாகக் கேட்கமுடிகிறது?' என வினவி, அவர் கூறும் விடையையும் அவ்விடத்தின் சுவர், கூரை, தரை ஆகியவற்றின் அமைப்பையும் குறிப்பெடுத்து வருக.